41 விழுக்காட்டுக் கூரை: பக்காரி செல்லர்ஸின் அரசியல் வாழ்வு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2014 நவம்பர் 4ஆம் தேதி அமெரிக்காவின் தென் கேரோலைனா மாநிலத்தில் நடந்த தேர்தலின் முடிவுகளில் சிலவற்றை அருகருகே வைத்துப் பார்ப்போம். பஞ்சாபிலிருந்து குடியேறிய சீக்கியப் பெற்றோரின் மகளான நிக்கி ஹேலி ஏறத்தாழ 56 விழுக்காட்டு வாக்குகளுடன் இரண்டாம் முறையாக ஆளுநரானார். கறுப்பினத்தவரான டிம் ஸ்காட் 61 விழுக்காட்டு வாக்குகளுடன் அமெரிக்க செனட் சபைக்குத் தேர்வானார். துணை ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்ட முப்பதே வயதான பக்காரி செல்லர்ஸ் ஏறத்தாழ 41 விழுக்காடு பெற்றுத் தோற்றார். முதல் இருவரும் குடியரசுக் கட்சியினர். செல்லர்ஸ் ஜனநாயகக் கட்சியினர். அதே நாளில் ஹேலியை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் வின்சென்ட் ஷிஹீன், வயதிலும் அனுபவத்திலும் செல்லர்ஸுக்கு மூத்தவர், மாநில செனட்டர், மாநிலம் முழுக்க அறிமுகமானவர். அவருக்குக் கிடைத்ததும் ஏறத்தாழ 41 விழுக்காடுதான்.

இந்த 41தான் இந்த ஆய்வின் மையம். 22 வயதில் சட்டமன்றத்துக்குள் நுழைந்து நாடு தழுவிய கவனத்தை ஈர்த்த ஓர் இளைஞர் முப்பது வயதில் தேர்தல் களத்தை விட்டு விலகித் தொலைக்காட்சிக் கருத்துரையாளராக மாறியதை அவருடைய திறமையின் கதையாகவோ தோல்வியின் கதையாகவோ சொல்வது எளிது. ஆனால் அவரைச் சிறு வயதிலேயே மேலே தூக்கிவிட்ட தொகுதி அமைப்பும், பிறகு அவரை ஓரிடத்தில் தடுத்து நிறுத்திய கூரையும் ஒரே கட்டடத்தைச் சேர்ந்தவை என்பது என் கருத்து. அதைக் காட்டாமல் அவர் வாழ்க்கையைச் சொல்வதில் பயனில்லை.

சிங்கப்பூர் வாசகருக்கு இவர் முழுவதும் அந்நியரல்லர். அமெரிக்கத் தேர்தல் இரவு நமக்குப் புதன்கிழமைக் காலை. வேலைக்கிடையே சிஎன்என் ஒளிவழியைத் திறந்துவைத்து முடிவுகளுக்குக் காத்திருந்தவர்கள், நீண்ட மேசையின் ஒரு பக்கத்தில் அமர்ந்து, தெற்குப் பகுதியின் இழுவையான உச்சரிப்பில் பேசும் இவரைப் பார்த்திருக்கக்கூடும். நம் மாணவர்களின் சொற்போர் மேடைகளில் இளையரும் அரசியலும் என்ற தலைப்பு தவறாமல் எழுவதால், எடுத்துக்காட்டுகளைப் பெயரளவில் அடுக்குவதைவிட ஒருவரையாவது முழுமையாகப் பார்ப்பது நல்லது என்றும் எனக்குத் தோன்றுகிறது.

ஊரும் தந்தையும்

1984இல் பிறந்த செல்லர்ஸ் வளர்ந்த ஊரின் பெயர் டென்மார்க். ஐரோப்பிய நாட்டின் பெயரைத் தாங்கிய அந்தச் சிற்றூரில் 2010 கணக்கெடுப்பின்படி வாழ்ந்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம் பேர். நம் தோ பாயோவின் சில புளோக்குகளில் அடங்கிவிடும் மக்கள்தொகை. ஊரில் உள்ள ஊர்ஹீஸ் கல்லூரி (இப்போது பல்கலைக்கழகம்) கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி உள்ள பாம்பர்க்கில்தான் நிக்கி ஹேலி பிறந்தார். அவருடைய தந்தை ஊர்ஹீஸ் கல்லூரியில் உயிரியல் பேராசிரியராகப் பணியாற்றியவர். பிற்காலத்தில், 2008 முதல் 2015 வரை, அதே கல்லூரியின் தலைவராக இருந்தவர் பக்காரியின் தந்தை கிளீவ்லண்ட் செல்லர்ஸ். வறுமை சூழ்ந்த ஒரே வட்டாரத்திலிருந்து எதிரெதிர்க் கட்சிகளில் இருவர் தேசிய அளவுக்கு உயர்ந்தார்கள் என்பது தற்செயல்தான் என்றாலும், இந்த ஆய்வுக்கு அது மிகவும் பயன்படும் தற்செயல்.

தந்தையின் கதையைத் தவிர்த்து மகனைப் புரிந்துகொள்ள முடியாது. கிளீவ்லண்ட் செல்லர்ஸ் 1960களின் குடிமை உரிமைப் போராட்டத்தில் முன்னணியில் நின்ற மாணவர் அமைப்பின் பொறுப்பாளர்களுள் ஒருவர். 1968 பிப்ரவரி 8ஆம் தேதி இரவு, டென்மார்க்கிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஆரஞ்ச்பர்க் நகரின் கறுப்பின மாணவர் கல்லூரி வளாகத்தில், மாநில நெடுஞ்சாலைக் காவலர்கள் மாணவர்களை நோக்கிச் சுட்டார்கள். கறுப்பினத்தவரை உள்ளே விடாத ஒரு பந்துருட்டு அரங்கை எதிர்த்து நடந்த போராட்டத்தின் தொடர்ச்சி அது. மூன்று இளைஞர்கள் மாண்டார்கள்; கிட்டத்தட்ட முப்பது பேர் காயமடைந்தார்கள். அவர்களுள் கிளீவ்லண்டும் ஒருவர். துப்பாக்கி ஏந்திய காவலர்கள் ஒன்பது பேர் மீது வழக்கு நடந்து, ஒன்பது பேரும் விடுதலையானார்கள். சிறைக்குச் சென்ற ஒரே மனிதர் குண்டடி பட்ட கிளீவ்லண்ட்தான். கலவரக் குற்றத்துக்காக 1970இல் தண்டிக்கப்பட்டு ஏழு மாதம் சிறையில் இருந்தார். மாநிலம் அவருக்கு மன்னிப்பு வழங்கியது 1993இல். அப்போது பக்காரி தொடக்கப்பள்ளிச் சிறுவன்.

ஆரஞ்ச்பர்க் துப்பாக்கிச்சூட்டுக்கு இரண்டாண்டுகள் கழித்து ஒஹாயோவில் வெள்ளையின மாணவர்கள் சுடப்பட்ட நிகழ்வு உலகப் புகழ் பெற்றது. ஆரஞ்ச்பர்க் அந்த அளவுக்கு நினைவில் நிற்கவில்லை. செய்தியாகாத துயரத்தின் வீட்டில் வளர்ந்த ஒருவர் பின்னாளில் செய்தி ஒளிவழி ஒன்றில் இடம்பிடித்தார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம். பிப்ரவரி மாத நினைவுகூட்டங்களும் தந்தையின் பழைய போராட்டத் தோழர்களின் பேச்சுகளும் அவருடைய உண்மையான அரசியல் பாடசாலை.

22 வயதில் ஒரு தொகுதி

அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரியில் மாணவர் தலைவராக இருந்து 2005இல் பட்டம் பெற்ற செல்லர்ஸ், தென் கேரோலைனா பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கத் தொடங்கினார். படிப்பு முடியுமுன்பே, 2006இல், மாநிலப் பிரதிநிதிகள் சபையின் 90ஆம் தொகுதியில் போட்டியிட முடிவெடுத்தார். சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச வயது 21. சிங்கப்பூரில் நாடாளுமன்ற வேட்பாளருக்கும் அதே வயதுதான். அவர் எதிர்த்து நின்றவர் தம் கட்சியைச் சேர்ந்தவரே: எண்பது வயதைத் தாண்டியவர், கால் நூற்றாண்டு காலமாக அந்த இருக்கையில் இருந்தவர். வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டி, தேவாலயங்களில் பேசி, உட்கட்சித் தேர்தலில் செல்லர்ஸ் வென்றார். சட்டமன்றத்தின் மிக இளைய உறுப்பினர் என்றும், நாட்டிலேயே மிக இளைய கறுப்பின மக்கள் பிரதிநிதி என்றும் அவரைப் பற்றி எழுதினார்கள். சட்டக் கல்லூரியும் சட்டமன்றமும் ஒரே நகரில், கொலம்பியாவில், இருந்ததால்தான் இரண்டையும் ஒருசேரச் சமாளிக்க முடிந்தது. 2008இல் சட்டப் பட்டம் கிடைத்தது.

இங்கே ஒரு நடைமுறைச் செய்தியைச் சொல்ல வேண்டும். தென் கேரோலைனா சட்டமன்ற உறுப்பினரின் ஆண்டுச் சம்பளம் 10,400 அமெரிக்க டாலர். சபை ஆண்டின் முதல் பாதியில் மட்டும் கூடும்; மீதி நேரத்தில் உறுப்பினர்கள் தத்தம் தொழிலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூர் நாடாளுமன்ற உறுப்பினரின் ஆண்டுப் படித்தொகை 192,500 வெள்ளி என்பதை அறிந்த நம் இளையர் சிலர் உடனே கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள், போடட்டும். அந்தச் சம்பளத்தில் அரசியல் செய்யக்கூடியவர்கள் வழக்கறிஞர்களும் வணிகர்களும் ஓய்வுபெற்றவர்களும்தாம். செல்லர்ஸும் ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தில் சேர்ந்தார். பின்னாளில் அவர் தொலைக்காட்சிக்குப் போனதைப் பதவி துறந்த துறவாகவோ பணத்துக்கான தாவலாகவோ பார்க்கிறவர்கள், அவர் விட்டுச் சென்ற பதவி ஒரு பகுதிநேர வேலை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சபையின் 124 இருக்கைகளில் பெரும்பான்மை 1990களின் நடுப்பகுதியிலிருந்து குடியரசுக் கட்சியிடமே இருந்தது. எதிர்க்கட்சிப் பின்வரிசை உறுப்பினரின் மசோதாக்கள் பெரும்பாலும் குழுக்களிலேயே உறங்கிப்போகும். எட்டு ஆண்டுகளும் செல்லர்ஸ் அந்த நிலையிலேயே இருந்தார். இக்காலத்தில் அவரால் நாடறியச் செய்ய முடிந்த முக்கியமான செயல் சபைக்கு வெளியே நடந்தது: மாநிலத்தின் மூத்த கறுப்பினத் தலைவர் ஜேம்ஸ் கிளைபர்ன் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளருக்கான உட்கட்சிப் போட்டியில் நடுநிலை காத்துவந்த 2008 தொடக்கத்தில், இவர் பராக் ஒபாமாவுக்காகப் பிரசாரம் செய்தார். கிளைபர்னிடம் பணிப்பயிற்சி பெற்றவர் இவர் என்பதால் அந்த முடிவில் துணிச்சல் இருந்தது. ஜனவரி 26ஆம் தேதி ஒபாமா அங்கே 55 விழுக்காட்டுடன் வென்றார். 2010இல் டைம் சஞ்சிகை நாற்பது வயதுக்குட்பட்ட நாற்பது அரசியல் முகங்களுள் ஒருவராக இவரைத் தேர்ந்தெடுத்தது.

தொகுதியின் நிலையோ வேறு. 2012இல் பாம்பர்க் கவுண்டியின் (மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) ஒரே மருத்துவமனை மூடப்பட்டது. ஏழைகளுக்கான மெடிக்கெய்டு மருத்துவ உதவித் திட்டத்தை மத்திய அரசின் நிதியுடன் விரிவுபடுத்தும் வாய்ப்பை ஆளுநர் ஹேலி மறுத்தார். தாம் பிறந்த கவுண்டியில் மருத்துவமனை மூடியிருக்கும் வேளையில் ஹேலி எடுத்த முடிவு அது. அதே கவுண்டியின் பிரதிநிதியாக இருந்தும் அதைத் தடுக்கும் எண்ணிக்கை செல்லர்ஸின் கட்சியிடம் இல்லை. இதைவிடத் தெளிவாக அவருடைய எட்டாண்டுகளின் கையறுநிலையைச் சொல்லும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கூரை

2014இல் அவர் பாதுகாப்பான இருக்கையை விட்டுவிட்டுத் துணை ஆளுநர் பதவிக்கு நின்றார். துணை ஆளுநரைத் தனியாகத் தேர்ந்தெடுத்த கடைசித் தேர்தல் அது. எதிர்த்து வென்ற ஹென்றி மெக்மாஸ்டர் முன்னாள் தலைமைச் சட்ட அதிகாரி, அறுபதுகளின் பிற்பகுதியில் இருந்தவர். 2017 ஜனவரியில் ஹேலி ஐக்கிய நாடுகளுக்கான தூதராகப் போனபோது மெக்மாஸ்டர் தேர்தலின்றியே ஆளுநரானார். பிறகு இருமுறை வென்று அந்த மாநில வரலாற்றிலேயே மிக நீண்ட காலம் ஆளுநராக இருந்தவர் என்ற இடத்தையும் பிடித்தார். வரலாற்றில் 'அப்படி நடந்திருந்தால்' என்ற விளையாட்டில் எனக்கு நம்பிக்கை குறைவு. இருந்தாலும் அந்தச் சிறிய பதவிக்குள் எவ்வளவு பெரிய பதவி ஒளிந்திருந்தது என்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

வாக்காளர்கள் அவரைக் கறுப்பினத்தவர் என்பதற்காக மறுத்தார்களா? டிம் ஸ்காட்டின் 61 விழுக்காடு அந்த விளக்கத்தை அப்படியே ஏற்கவிடாது. இளைஞர் என்பதற்காகவா? ஷிஹீனின் 41 அதையும் தள்ளிவிடுகிறது. கட்சிச் சின்னம் தீர்மானித்துவிட்ட தேர்தல் அது. 2006க்குப் பிறகு ஜனநாயகக் கட்சியினர் எவரும் அங்கே மாநிலம் தழுவிய பதவியொன்றை வென்றதில்லை. ஆனால் இனத்துக்கு இதில் பங்கே இல்லை என்று முடித்துவிட்டால் அதுவும் பிழை. மாநில மக்களில் கறுப்பினத்தவர் கால் பங்குக்குச் சற்று மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரு கட்சிக்கும், வெள்ளையினத்தவரில் பெரும்பாலோர் மறு கட்சிக்கும் வாக்களிக்கும்போது, கட்சி என்பதே இனக் கோட்டின் மறுபெயராகிவிடுகிறது.

தொகுதிகள் வரையப்பட்ட விதத்தில் இதன் வேரைக் காணலாம். இருபதாம் நூற்றாண்டில் தென் கேரோலைனா சட்டமன்றத்துக்குக் கறுப்பினத்தவர் முதன்முதலில் தேர்வானது 1970இல்தான், அதுவும் மூவர். 1974இல் ஓர் உறுப்பினர்த் தொகுதிகள் வந்த பிறகு அவர்கள் எண்ணிக்கை உயர்ந்தது. கறுப்பின வாக்காளர்கள் திரண்டு வாழும் பகுதிகள் தனித்தொகுதிகளாக அமைந்ததால் அவர்களுடைய குரல் சபைக்குள் உறுதியாக நுழைந்தது. அது பெரிய முன்னேற்றம், ஐயமில்லை. அதே வேளையில் சுற்றியிருந்த தொகுதிகள் மறு கட்சிக்கு மேலும் உறுதியாயின. 90ஆம் தொகுதி போன்ற ஓரிடத்தில் 22 வயது இளைஞர் வெல்ல வேண்டுமானால் முப்பது, நாற்பதாயிரம் பேர் வாழும் ஒரு வட்டாரத்தில், தம் கட்சிக்காரர்களிடையே நம்பிக்கை பெற்றால் போதும். மாநிலம் முழுவதற்கும் நிற்கும்போது, எட்டாண்டுகளாக வாக்குக் கேட்கத் தேவையே இல்லாமல் இருந்த மக்களிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூரில் நாம் இதே சிக்கலை நேர் எதிரான வழியில் கையாண்டிருக்கிறோம். 1988இல் அறிமுகமான குழுத்தொகுதி முறை, ஒவ்வோர் அணியிலும் சிறுபான்மை இனத்தவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்கிறது. இங்கே எந்தத் தொகுதியிலும் தமிழர் பெரும்பான்மையாக இல்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) குடியிருப்புகளின் இன ஒதுக்கீட்டு முறை அப்படி ஆகவும் விடாது. ஆகவே ஒரு தமிழ் வேட்பாளர் முதல் நாளிலிருந்தே சீன, மலாய் வசிப்போரிடம் பேசியே ஆக வேண்டும். குழுத்தொகுதி வருவதற்கு முன்பே, 1981இல், ஜே.பி. ஜெயரத்னம் ஆன்சன் தொகுதியில் வென்றதும், 2016 புக்கிட் பாத்தோக் இடைத்தேர்தலில் முரளி பிள்ளை தனியாக நின்று வென்றதும் அத்தகைய பயிற்சியின் விளைவுகள். மறுபுறம், குழுவோடு குழுவாக நுழைகிறவர் தம் சொந்தச் சமூகத்தின் கூர்மையான குறைகளை எவ்வளவு உரக்கப் பேசுவார் என்ற கேள்வி நம்மிடம் அடிக்கடி எழுகிறது. செல்லர்ஸுக்கு அந்தத் தயக்கம் இருந்ததில்லை. அவருடைய தொகுதி அவரிடம் எதிர்பார்த்ததே அந்த உரத்த குரலைத்தான். ஒரு முறை குரலைக் கொடுத்துக் கூரையையும் போடுகிறது. மற்றொன்று கூரையை உயர்த்திக் குரலைத் தணிக்கிறது. எது மேல் என்று நான் தீர்ப்பெழுத மாட்டேன். ஆனால் செல்லர்ஸைப் போன்ற ஒருவர் இங்கே உருவாகியிருக்க மாட்டார் என்பதும், இங்கு உருவான எவரும் அங்கே 41இல் நின்றிருக்கத் தேவையில்லை என்பதும் ஒரே உண்மையின் இரு முனைகள்.

திரைக்கு வந்த பின்

2015 ஜூன் 17ஆம் தேதி சார்ல்ஸ்டன் நகரின் இமானுவேல் தேவாலயத்தில் வேதபாட வகுப்பில் இருந்த ஒன்பது பேரை ஒரு வெள்ளையின வெறியன் சுட்டுக் கொன்றான். கொல்லப்பட்டவர்களுள் அந்தத் தேவாலயத்தின் போதகரும் மாநில செனட்டருமான கிளெமென்டா பிங்க்னி, செல்லர்ஸின் நண்பர். அவரும் 23 வயதிலேயே சட்டமன்றம் புகுந்தவர். அந்த வாரங்களில் செல்லர்ஸ் திரும்பத் திரும்பத் திரையில் தோன்றினார். மாநிலச் சட்டமன்ற வளாகத்தில் பறந்த, அடிமைமுறைக்காகப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் கொடியை இறக்க வேண்டும் என்று வாதாடினார். ஹேலியும் அதையே கோரினார்; சபை 94க்கு 20 என்று வாக்களித்தது; ஜூலை 10ஆம் தேதி கொடி இறங்கியது. அந்த வாக்கெடுப்பில் கையுயர்த்தும் உரிமை செல்லர்ஸுக்கு இல்லை. முந்தைய ஆண்டு நவம்பர்வரை இருந்தது. ஆனால் உறுப்பினராக இருந்த எட்டாண்டுகளில் கிடைக்காத செவிகள் அந்த மூன்று வாரங்களில் அவருக்குக் கிடைத்தன.

சிஎன்என் அவரை ஒப்பந்தக் கருத்துரையாளராக வைத்துக்கொண்டது அந்த ஆண்டுதான். இத்தகைய வேலையின் இலக்கணம் கறாரானது. மேசையின் இரு பக்கங்களுக்கும் ஆள் வேண்டும். ஒவ்வொருவரும் தம் கட்சியின் வாதத்தை ஒரு நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும். நம் பட்டிமன்றங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. அணி முன்பே தீர்மானிக்கப்பட்டுவிடும், நடுவர் மட்டும் தீர்ப்புச் சொல்ல மாட்டார். அந்த மேசையில் செல்லர்ஸ் ஜனநாயகக் கட்சியின் ஒரு குரலாக மட்டும் பேசிய நாள்களில் அவர் பேச்சு மற்றப் பத்துப் பேரின் பேச்சிலிருந்து வேறுபட்டதில்லை. 2019 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த ஒரு சம்பவத்தின் காணொளித் துண்டைக் கண்டு, அதிலிருந்த பள்ளி மாணவர் ஒருவரைக் குத்தலாம் என்ற பொருள்படச் சமூக ஊடகத்தில் எழுதிப் பின்னர் அதை நீக்கியது, இந்தத் தொழிலின் அவசரம் ஒரு வழக்கறிஞரையும் எங்கே இழுத்துச் செல்லும் என்பதைக் காட்டியது. சட்டமன்றத்தில் வார்த்தையை அளந்து பேசக் கற்றவரிடமிருந்து வந்திருக்கக்கூடாத சொல் அது.

அவர் தனித்து நின்ற தருணங்கள் வேறு. இஸ்ரேலை ஆதரிப்பதில் தம் கட்சியின் இடதுசாரி அணியோடு வெளிப்படையாக முரண்பட்டார். அந்த நிலைப்பாட்டை ஏற்காதவர்களும் அது கட்சி எழுதிக் கொடுத்த வசனமல்ல என்பதை ஒப்புக்கொள்வார்கள். 2019 தொடக்கத்தில் இரட்டைக் குழந்தைகளைப் பெற்ற அவர் மனைவி கடும் இரத்தப்போக்கினால் உயிருக்குப் போராடி மீண்டார். குழந்தைகளுள் ஒன்றுக்கு முதலாண்டிலேயே கல்லீரல் மாற்று அறுவை தேவைப்பட்டது. இதை அவர் மறைக்காமல் பேசினார். அமெரிக்காவில் பிள்ளைப்பேற்றின்போது கறுப்பினப் பெண்கள் இறக்கும் விகிதம் வெள்ளையினப் பெண்களைவிடச் சுமார் மூன்று மடங்கு என்ற புள்ளிவிவரம், தம் மனைவிக்கே அந்நிலை வந்ததைச் சொல்லும் கணவரின் வாயிலிருந்து வந்தபோது அதற்கு வேறு கனம் இருந்தது. மருத்துவமனை மூடப்பட்ட கவுண்டியின் முன்னாள் பிரதிநிதி என்பதால், அது சொந்த வீட்டுத் துயரமாக மட்டும் சுருங்கிவிடவும் இல்லை. 2020 மே மாதம் காவலர் பிடியில் நேர்ந்த கறுப்பினத்தவர் ஜார்ஜ் ஃபிளாய்டின் மரணத்தையடுத்து நேரலையில் பேசிக்கொண்டிருந்தவர், தம் பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை என்று கூறிக் கண்கலங்கியது உலகெங்கும் பரவியது. ஆரஞ்ச்பர்க்கின் மகன் அழுதார் என்று அதைப் படித்தவர்களுக்கும், ஒரு தொலைக்காட்சி முகம் அழுதது என்று மட்டும் பார்த்தவர்களுக்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. அதே ஆண்டு வெளியான அவருடைய தன்வரலாறு அந்தத் தூரத்தைக் குறைக்க எழுதப்பட்டதாகவே எனக்குப் படுகிறது; அது விற்பனைப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஒரு வலையொலியையும் நடத்திவருகிறார். வழக்கறிஞர் தொழிலையும் விடவில்லை.

நம் ஊரில் இந்தப் பயணத்தின் மறுதிசையை சி. ராஜரத்தினத்திடம் காணலாம். மலாயா டிரிபியூன், சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட், ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் ஆகிய இதழ்களில் எழுதியவர், 1954இல் மக்கள் செயல் கட்சியின் நிறுவனர்களுள் ஒருவராகி, 1959இல் கம்போங் கிளாமில் வென்று, கலாசார அமைச்சராகவும் பின்னர் முதல் வெளியுறவு அமைச்சராகவும் ஆனார். இதழில் கருத்தாக எழுதியதை அமைச்சரவையில் கொள்கையாக்கும் வாய்ப்பு அவருக்கு வாய்த்தது. செல்லர்ஸின் பாதையில் கொள்கையாக முடியாதது கருத்தாக மாறியது. இரண்டிலும் பேனாவும் பேச்சும் இருந்தன. வேறுபாடு எழுத்தின் தரத்தில் இல்லை, ஆட்சி எந்தப் பக்கம் இருந்தது என்பதில் இருந்தது.

செல்லர்ஸ் விட்டுச் சென்ற 90ஆம் தொகுதியை 2014இல் பெற்ற ஜஸ்டின் பாம்பர்க்கும் இளம் வழக்கறிஞரே. 2015இல் காவலர் ஒருவரால் முதுகில் சுடப்பட்டு இறந்த வால்டர் ஸ்காட்டின் குடும்பத்துக்காக வாதாடியவர் அவர். ஆக, அந்த இருக்கை காலியாகவும் இல்லை, குரலற்றும் போகவில்லை. மெடிக்கெய்டு விரிவாக்கம் மட்டும் அந்த மாநிலத்துக்கு வந்தபாடில்லை. செல்லர்ஸ் 2014க்குப் பிறகு எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. நாற்பது வயதைக் கடந்துவிட்ட அவர் திரும்பி வருவாரா என்று கேட்பவர்கள் மாநிலத்தின் ஏழு அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைத் தொகுதிகளையும் பார்க்க வேண்டும். அவற்றுள் ஜனநாயகக் கட்சியிடம் இருப்பது ஒன்றே ஒன்று: 1940இல் பிறந்த கிளைபர்ன் 1993 முதல் வகித்துவரும் 6ஆம் தொகுதி. 90ஆம் தொகுதியை எந்த முறையில் வரைந்தார்களோ, அதுவும் அதே முறையில் வரையப்பட்டதுதான்.